கூடத்தைப் பூட்டினால் கடத்தல் நிற்காது

ஜெர்மனியின் ஹாம் நகரம் என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காமாட்சி அம்பாள் கோயில். அதே ஊரின் சென்ட்ரல்ஹாலன் வளாகத்தில் ஆண்டுக்கு நான்கு முறை வேறொரு கூட்டம் திரள்கிறது. பாம்பு, பல்லி, ஆமை வளர்ப்போரும் விற்போரும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்து கூடும் ‘டெராரிஸ்டிகா’ சந்தை அது. உலகின் மிகப் பெரிய ஊர்வனச் சந்தைகளில் ஒன்று. இத்தகைய சந்தைகளை மூடவேண்டும் என்ற கோரிக்கை ஜெர்மன் அரசியலில் ஓயவில்லை. மூடினால் காப்பாற்றப்படப் போவது எது?

அயல்நாட்டு விலங்குகளுக்கான வணிகச் சந்தைகளைத் தடை செய்வதாக, 2013இல் ஜெர்மன் ஆட்சிக் கூட்டணிக் கட்சிகள் செய்துகொண்ட ஒப்பந்தமே சொன்னது. 2024 மே மாதம் அமைச்சரவை ஏற்ற விலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்த வரைவு, துன்பம் தரும் உடற்குறையோடு பிறக்கும்படி இனவிருத்தி செய்யப்பட்ட விலங்குகளைக் காட்சிக்கு வைக்கத் தடை கோரியது. இணையத்தில் விற்போரின் அடையாளம் பதிவாக வேண்டும் என்றது. இரண்டும் நல்ல விதிகள். நவம்பரில் ஆட்சிக் கூட்டணி உடைந்ததால் வரைவு சட்டமாகவில்லை. அடுத்த வரைவு இதைவிடக் கடுமையாகவும், இதைவிடக் குறி தவறியதாகவும் இருந்துவிடக் கூடாது.

சந்தையை எதிர்ப்போர் சொல்வதில் உண்மை உண்டு. சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் அடைபட்ட உயிர், இரைச்சல், யோசிக்காமல் வாங்கிப்போகும் ஆசை: இவை கண்டிக்க வேண்டியவையே. ஆனால் சந்தை நடத்த இன்றும் அரசு அனுமதி வேண்டும். கால்நடை அதிகாரி நேரில் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்ல முடியும். சந்தைக் கூடம் மூடப்பட்டால் விற்பனை கைப்பேசிக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் போகும். 2020இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, உலகின் ஊர்வன இனங்களில் 35 சதவீதத்துக்கும் மேல் இணையத்தில் விற்பனையாகின்றன. அந்த வணிகத்தில் முக்கால் பங்கு, எந்தப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாத இனங்களில் நடக்கிறது.

உண்மையான ஓட்டை இங்கேதான். இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழும், மூக்கில் கொம்புள்ள ஓணானை எடுத்துக்கொள்வோம். இலங்கைச் சட்டம் இதைப் பிடிப்பதையும் வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதையும் தடுக்கிறது. ஆனாலும் இலங்கைக்கே உரிய இத்தகைய ஓணான்கள் ஐரோப்பியச் சந்தையில் விலைபோயின. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில், 2019 ஜெனீவா மாநாட்டில் சேர்க்கப்படும் வரை, அங்கே அவற்றை விற்பதைத் தடுக்க வலுவான விதி இல்லை. சைட்டீஸ் உடன்படிக்கைக்கான ஜெர்மனியின் அனுமதி அதிகாரம் பான் நகரிலுள்ள இயற்கைப் பாதுகாப்புக் கூட்டாட்சி அலுவலகத்திடம் இருக்கிறது. பட்டியலில் ஏறாத இனத்துக்கு அந்த அனுமதியே தேவையில்லை. ஊர்வனவற்றில் ஏறாதவையே மிகப் பெரும்பான்மை. ஓர் இனத்தைப் பட்டியலில் ஏற்ற ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மலைச்சரிவை வெறுமையாக்கச் சில வேட்டைகள் போதும்.

அமெரிக்காவின் லேசி சட்டம், பிற நாட்டுச் சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட விலங்கை விற்பதையும் குற்றமாக்குகிறது. ஐரோப்பாவுக்கு அத்தகைய சட்டம் உடனடித் தேவை. ஒவ்வொரு விலங்கும் எங்கே, எவரிடம் பிறந்தது என்ற ஆவணம் விற்பவர் கையில் இருக்க வேண்டும். சந்தை மேசைக்கும் இணைய விளம்பரத்துக்கும் ஒரே விதி வேண்டும். தொழிலாக விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் வளர்ப்பறிவை மெய்ப்பிக்க வேண்டும். நேர்மையாக வீட்டில் இனவிருத்தி செய்யும் ஆர்வலருக்கு இதனால் இழப்பில்லை. காட்டிலிருந்து திருடியவருக்குத்தான் வழி அடைபடும்.

மூடிய கூடத்தைக் காட்டி, கடமை முடிந்தது என்று அரசு சொல்லிவிடும் ஆபத்து மிக அருகில் இருக்கிறது. நட்சத்திர ஆமைக் கடத்தலோடு போராடும் இந்தியாவும், தன் ஓணான்களைப் பறிகொடுத்த இலங்கையும் பிறப்பிட ஆவணக் கோரிக்கையை பெர்லினிடமும் பிரசெல்ஸிடமும் வலியுறுத்த வேண்டும். ஜெர்மனியில் வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தம் தொகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: முதலில் பிறப்பிட ஆவணத்தைச் சட்டமாக்குங்கள், கூடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.