ஆள் கணக்கா, ரெசின் கணக்கா? ஃபைபர் பட்டறைகளின் பாதுகாப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடல் கிடையாது. படகு கட்டும் ரெசினைப் பற்றி இங்கிருந்து எதற்கு ஓர் அறிக்கை என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஃபைபர் படகுக்குப் பூசும் அதே பாலியெஸ்டர் ரெசின்தான் உள்நாட்டுப் பட்டறைகளில் குளியலறைக் கதவாகவும் தொட்டியாகவும் பூங்காச் சறுக்குப் பலகையாகவும் உருவெடுக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணப் படகுகளுக்காகக் கரையோரம் எங்கும் ஃபைபர் பட்டறைகள் முளைத்தன. அந்தப் படகுகளின் தரத்தைப் பற்றி நிறையப் பேசினோம். மோல்டுக்குள் குனிந்து ரோலர் ஓட்டியவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இந்தத் தொழிலின் பாதுகாப்பு விதிகள், பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பொருந்தக் கூடாது, அங்கே ரெசின் டிரம் இருந்தாலே பொருந்த வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

அந்த டிரம்மில் உள்ள ரெசினில் கணிசமான பங்கு ஸ்டைரீன் என்ற, ஆவியாகும் வேதிப்பொருள். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் கசிந்து உயிர்களைப் பறித்ததும் இதுவே. அங்கே ஒரே இரவில் பெருமளவு கசிந்தது. பட்டறையிலோ கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் ஊற்றி, ரோலரால் காற்றுக் குமிழை விரட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. முதலில் கண் எரியும், தலை சுற்றும். வருடக் கணக்கில் தொடர்ந்தால் நிறங்களைப் பிரித்தறியும் திறனும் செவித்திறனும் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு, எட்டு மணி நேர வேலையில் காற்றில் இருக்கக்கூடிய ஸ்டைரீனுக்கான வரம்பை 2020-இல் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைத்தது. நம் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலோ அது 50 என்றிருந்தது. அந்த 50-ஐக்கூட அளந்து பார்க்கச் சின்னப் பட்டறைக்கு யாரும் வந்ததில்லை.

“திறந்தவெளியில்தானே வேலை, காற்று அடித்துக்கொண்டு போய்விடும்” என்பது முதல் மறுப்பு. ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. படகின் அடிவயிற்றிலோ தொட்டியின் குழியிலோ அது தேங்கும், வேலை செய்பவரின் முகமும் அங்கேதான் இருக்கும். மேலே சுழலும் மின்விசிறி அதை வெளியேற்றாது. கீழ்மட்டத்திலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டும். நம் மாவட்டங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரு பொறி பட்டால் ஸ்டைரீன் ஆவி தீப்பற்றுவதற்குச் சுமார் 31 டிகிரி வெப்பம் போதும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூடி திறந்த டிரம்மும் பக்கத்திலேயே தீப்பொறி பறக்கும் கிரைண்டரும் இருக்கும் பட்டறை, விபத்துக்கு நாள் குறித்துக் காத்திருக்கிறது.

பட்டறைக்காரர்கள் கேட்டலிஸ்ட் என்று சொல்லும் பெராக்சைடும் ஆக்சிலரேட்டர் என்று சொல்லும் கோபால்ட் திரவமும் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கலாம். பெராக்சைடு கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலே பார்வை போகக்கூடும். ஆனாலும் பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக அளந்து ஊற்றும் பழக்கம் உண்டு. வெயில் காலத்தில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடுகிறதே என்று கேட்டலிஸ்ட்டை அளவுக்கு மீறிக் குறைத்தால், பொருள் சரியாக வேகாமல் பல நாள் ஸ்டைரீனைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டர் முன்பே கலந்த ரெசின் சந்தையில் கிடைக்கிறது. சிறு பட்டறைகளுக்கு அதை மட்டுமே விற்க வேண்டும், தமிழில் எச்சரிக்கை அச்சிடாத கேட்டலிஸ்ட் பாட்டிலை விற்கக் கூடாது என்று கோருகிறோம். இதில் முதல் பொறுப்பு விற்பவருடையது. கடைசியாக ஊற்றுகிறவர் தலையில் எல்லாவற்றையும் கட்டக் கூடாது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் என்றிருந்த தொழிற்சாலை வரம்பை 20 ஆக்கிவிட்டது. நாலைந்து பேர் வேலை செய்யும் ஃபைபர் பட்டறை முன்பே அந்த வரம்புக்கு வெளியே இருந்தது, இப்போது இன்னும் தள்ளிப் போய்விட்டது. ஆனால் அதே தொகுப்பில், ஆபத்தான வேலையென்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் அது பொருந்த வழியிருக்கிறது. ரெசின் வேலையை அப்படி அறிவிக்க வேண்டும்.

சிறு முதலாளி தாங்க மாட்டார் என்ற மறுப்பை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. விலை உயர்ந்த கருவிகளை முதல் நாளே கேட்கவும் இல்லை. உறிஞ்சு விசிறி, மூடி போட்ட டிரம், அளவுக் குவளை, கண் கழுவத் தண்ணீர்க் குழாய், அசிட்டோனில் நனைந்த துணியைப் போட இரும்புத் தொட்டி இவை போதும், தொடங்குவதற்கு. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டி பொருத்தியது தடுக்கும் என்றாலும் 40 டிகிரியில் அதை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்வது நடக்காத காரியம். ஆகவே கவசத்துக்கு முன்னால் காற்றைச் சரிசெய்ய வேண்டும். “இத்தனை வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்களுக்கு: யாரையாவது சோதித்துப் பார்த்தோமா? வேலை முடிந்ததும் சிறுநீரில் மாண்டலிக் அமிலத்தை அளந்தால், அன்று உடலுக்குள் எவ்வளவு ஸ்டைரீன் போனது என்று தெரிந்துவிடும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரு மாவட்டத் தொழிலாளர்களுக்கும் இந்தச் சோதனையை இலவசமாகத் தொடங்க வேண்டும். முடிவுத் தாள் தொழிலாளியின் கையிலும் ஒன்று இருக்க வேண்டும்.