கார்போகி அரிசி பொய் மருந்தில்லை, பயமே அதுதான்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள், முக்கியமாக உம்மாமார், பொறுமையாக வாசித்து விடுங்கள்.

எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. கார்போகி அரிசியை அரைத்து, தேசிக்காய்ப் புளியில் குழைத்து, வெண்படை உள்ள இடத்தில் பூசி, உச்சி வெயிலில் அரை மணித்தியாலம் இருந்தால் நாற்பது நாளில் பழைய நிறம் திரும்பி விடுமாம். கேட்டவர்கள் எல்லாம் "ஜஸாக்கல்லாஹ்" போட்டு அடுத்த குழுமத்துக்கு அனுப்புகிறார்கள்.

அதைச் செய்து பார்த்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். எந்த வகுப்பு, யாருடைய பிள்ளை என்று சொல்ல மாட்டேன். பத்து நாள் பாடசாலைக்கு வராமல் இருந்து வந்த பிள்ளையின் இரண்டு முழங்கையிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. பேனை பிடிக்க முடியவில்லை. உம்மா சொன்ன காரணம் இதுதான்: "டீச்சர், இப்ப சின்னப் பிள்ளை. பெரிய பிள்ளை ஆகிறதுக்குள்ள நிறம் வந்திடணும். இல்லாட்டி யாரு கேட்டு வருவாங்க?"

அந்த உம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவரை அந்த அவசரத்துக்குத் தள்ளிய எங்கள் எல்லோரிலும்தான் கோபம்.

முதலில் மருந்தைப் பற்றி. கார்போகி அரிசி ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அதில் சோராலன் என்ற பொருள் உண்மையாகவே இருக்கிறது. வெயிலின் வேகத்தைத் தோலில் பல மடங்கு கூட்டிவிடும் பொருள் அது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எமது மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், இதே தன்மையுள்ள வேறொரு செடியின் விதையைக் கொடுத்து நோயாளியை வெயிலில் இருக்க வைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். 1940களில் எகிப்திய தோல் வைத்தியர் அப்துல் முன்இம் அல் முஃப்தி அந்த விதையை ஆராய்ச்சிக்கு எடுத்தார். பிறகு அதன் சத்தைப் பிரித்தெடுத்து, அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்தாக்கினார்கள். மருந்தின் அளவு மட்டுமல்ல, ஒளியின் அளவும் எண்ணித்தான் கொடுத்தார்கள்.

நாம் வீட்டில் எதை எண்ணுகிறோம்? ஒரு பிடி அரிசி, பங்குனி மாத வெயில், பத்து வயதுப் பிள்ளை. போதாததற்குத் தேசிக்காய்ப் புளி. அதிலும் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் அதே வகைப் பொருள் இருக்கிறது. பச்சை உள்ளியை அரைத்துக் கட்டினால் வெயிலே தேவையில்லை, அதுவே சுட்டுவிடும். கார்போகியைத் தூளாக்கி உள்ளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் ஈரல் பழுதானவர்களைப் பற்றி வைத்திய சஞ்சிகைகளில் பதிவாகி இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். வெண்படை என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே நிறம் தரும் கலங்களைத் தாக்குவதால் வருவது. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் சுட்டால், கீறினால், உரசினால், அந்தக் காயத்தின் மேலேயே புதிய வெள்ளை வரலாம். நிறம் வரவேண்டுமென்று சுடுகிறோம். சுட்ட இடத்தில் இருக்கிற நிறமும் போகிறது. சுட்ட தோலின் ஓரம் கறுக்கும்போது "ஆ, மருந்து பிடிக்குது" என்று இன்னும் கொஞ்சம் பூசுகிறோம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சுகமானதே?" என்று கேட்பீர்கள். இருக்கலாம். சிலருக்கு ஒன்றும் செய்யாமலே கொஞ்சம் நிறம் திரும்புவதுண்டு. இன்னும் சிலருக்கு வந்தது வெண்படையே அல்ல. முதுகிலும் கழுத்திலும் வருவது பெரும்பாலும் பங்கசுத் தேமல். சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக வரும் திட்டு வளர வளரத் தானாகப் போய்விடும். ஆனால் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அது தொழுநோயாக இருக்கலாம். எமது கிழக்கு மாகாணத்திலும் இன்னும் புதிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு மாத்திரை இலவசம், முழுதாகச் சுகமாகும். எது எதுவென்று குரல் பதிவு போட்டவருக்கு எப்படித் தெரியும்?

கருஞ்சீரகத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அதில் ஓரளவு பலன் கண்ட சிறிய ஆய்வுகள் உண்டு. வைத்தியரிடம் சொல்லிவிட்டுப் பாவியுங்கள். கிளினிக்குக்குப் பதிலாகப் பாவிக்காதீர்கள். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. பிள்ளையின் சோற்றுக் கோப்பையிலிருந்து மீனை எடுக்காதீர்கள்.

என் பெரிய கவலை காலம் போவதுதான். வெண்படை பரவத் தொடங்கும் ஆரம்ப மாதங்களில்தான் வைத்தியம் நன்றாகப் பிடிக்கும். முகத்திலும் கழுத்திலும் நிறம் திரும்புவது இலகு. விரல் நுனியிலும் உதட்டிலும் கடினம். புதிய நிறம் பெரும்பாலும் முடி வேரிலிருந்து புள்ளி புள்ளியாகத்தான் ஏறி வரும். அங்குள்ள முடியும் நரைத்து விட்டால் பாதை சுருங்கி விடும். அரிசி, எண்ணெய், செப்புக் குடத்துத் தண்ணீர் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, "ஒன்றும் சரிவரல்ல டொக்டர்" என்று போய் நிற்பதில் என்ன பயன்?

பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் இருக்கிறது. ஓ.பி.டி.யில் காட்டித் துண்டு வாங்கிப் போகலாம், காசு இல்லை. பூசும் மருந்து உண்டு, தேவைப்பட்டால் அளந்து கொடுக்கும் ஒளிச் சிகிச்சையும் உண்டு. அதில் இப்போது பெரும்பாலும் சோராலன்கூடச் சேர்ப்பதில்லை. தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றாக வருவதுண்டு. ஆனால் நாற்பது நாள் கணக்கு அங்கே இல்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் போகும். எல்லோருக்கும் முழு நிறமும் திரும்பும் என்றும் வாக்குத் தரமாட்டார்கள். யூனானி, ஆயுர்வேதம்தான் விருப்பமென்றால் பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள். அவருக்காவது அளவு தெரியும்.

இனி மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும். இது தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் தொற்றாது. வெண்படை உள்ளவருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. உவைஸ் அல்கர்னி (ரஹ்) அவர்களுக்கு இதே நோய் இருந்து, ஒரு திர்ஹம் அளவு மட்டும் எஞ்சியிருந்தது என்று ஸஹீஹ் முஸ்லிமில் படிக்கிறோம். அவரிடம் போய்த் தனக்காகப் பாவமன்னிப்புத் தேடச் சொன்னவர் அமீருல் முஃமினீன் உமர் (ரழி). குத்பாவில் இதைக் கேட்டு அழுகிறோம். வீட்டுக்கு வந்து, "பிள்ளை நல்லம்தான், ஆனா கையில ஒரு வெள்ளை" என்று சம்பந்தத்தை முறிக்கிறோம். பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவது இந்தப் பேச்சுத்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் "பல்லி", "வெள்ளைக்காரி" என்று பட்டம் வைப்பதைச் சிரிப்பாக விடாதீர்கள். முதல் நாளே நிறுத்துங்கள்.

அந்தக் குரல் பதிவு உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம் பக்குவமாகக் காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வெள்ளை கண்டிருந்தால் இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள். தனியாகக் கதைக்க விரும்பும் உம்மாமார் உள்பெட்டிக்கு வரலாம், யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நோயுற்ற எமது பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், எங்கள் நாவுகளுக்கு அடக்கத்தையும் தருவானாக. ஆமீன்.