ரீகால் என்ற சொல் கசக்கிறதா?



"ஃபோனில் வருகிற அப்டேட் மாதிரிதான் சார், இதைப் போய் ரீகால் என்கிறார்கள்!" அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சலித்துக்கொண்டான். எனக்கு உடன்பாடில்லை.

2022 பிப்ரவரியில் டெஸ்லா அங்கே 26,681 கார்களுக்கு ரீகால் அறிவித்தது. மென்பொருள் பிழையால் ஹீட் பம்ப்பின் வால்வு ஒன்று தானாகத் திறந்துகொள்ளலாம். முன்கண்ணாடிப் பனி சரியாக விலகாது. பெட்ரோல் காரில் என்ஜின் சூடு சும்மா கிடைக்கும். மின்சாரக் காரில் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அது படுத்துவிட்டால், கடுங்குளிரில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான்.

வீட்டு வாசலில் நின்றபடியே சரியாகிவிடுகிறது என்பதால் தவறு சிறிதாகிவிடுமா? நான் சிவப்பு மையில் சுழித்த பிழையை நீங்கள் அரை நிமிடத்தில் திருத்துவீர்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல் விட்டேனா?

2023இல் வேறொரு ரீகாலின்போது ஈலான் மஸ்க்கும் அந்தச் சொல் பொருந்தாது என்றார். பொருந்தும். 'அப்டேட்' என்றால் நாளை பார்க்கலாம் என்று தள்ளுவோம். 'ரீகால்' என்றால்தான் நிமிர்ந்து உட்காருவோம்.

அந்தச் சொல் இருக்கட்டும். குளிர்நாட்டில் கார் ஓட்டும் என் பிள்ளைகள் அப்டேட்டை இன்றே போடுங்கள்.