யுலிசிஸைப் படிக்காமலே தேறுவது

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ பற்றி ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறியாத செய்தி குறைவு. 1922 பிப்ரவரி 2 அன்று பாரிசில் வெளிவந்தது, 1904 ஜூன் 16 அன்று டப்ளினில் தொடங்கும் கதை, 18 அத்தியாயங்கள், நனவோடை உத்தி. நெட் தேர்வில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய இவ்வளவு போதும். நாவலைத் திறக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

துவாரகாவில் அறை பகிர்ந்து தங்கி, நீலத் தடத்தில் ஏறி ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறி, டெல்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகம் சேரும் ஆய்வு மாணவரிடையே இந்நாவலுக்கு இருக்கும் மதிப்பு, நடை சாத்திய கோயிலுக்கு இருக்கும் மதிப்பு. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். தமிழ்வழியில் பயின்று டெல்லிக்கு வந்த மாணவர் முதல் பக்கத்தில் தடுக்கி விழும்போது, தம் ஆங்கிலம் போதாது என்றே முடிவு செய்கிறார். அந்த முடிவு தவறானது. அவருடைய ஆய்வு வாழ்வையே குறுக்கிவிடக்கூடியது.

ஜாய்ஸ் 1916இல் வெளியிட்ட முந்தைய நாவலில் ஒரு காட்சி உண்டு. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலை ஸ்டீபன் ஒரு சொல்லால் குறிக்கிறான். இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரியாருக்கு அச்சொல் தெரியவில்லை. தான் பேசும் மொழி தனக்கு முன்பே இவருக்குச் சொந்தமானது என்ற எண்ணம் ஸ்டீபனை உறுத்துகிறது. பின்னர் அகராதியைப் பார்த்தால், அது பழைய, நல்ல ஆங்கிலச் சொல்தான். ஐரிஷ் நவீனத்துவத்தின் கடினத்தில் ஒரு பகுதி இந்த உறுத்தலில் பிறந்தது. சாமுவேல் பெக்கெட் பிரெஞ்சுக்கு மாறினார். ஃபிளான் ஓ பிரையன் 1941இல் ஐரிஷ் மொழியிலேயே ஒரு நாவல் வெளியிட்டார். ஜாய்ஸ் ஆங்கிலத்துக்குள் இருந்தபடியே அதைக் குலைத்துக் கட்டினார். இரவல் மொழியோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தமிழ் மாணவர் இந்த எழுத்துக்கு அயலார் அல்லர்.

அவர் வாழும் இடமும் அயலன்று. பப்பன்கலான் என்று வழங்கிய நிலப்பகுதி, கடல்கொண்டதாகப் புராணம் கூறும் கண்ணனின் நகரப் பெயரைத் தாங்கி, செக்டர்களும் அடுக்ககங்களும் கொண்ட துணைநகராக எழுந்தது. பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கும் லியோபோல்ட் புளூமின் ஒருநாள் அலைச்சலுக்கு ஹோமரின் நாயகன் பெயரை ஜாய்ஸ் இட்டதைப் புரிந்துகொள்ள, துவாரகாவாசிக்குத் தனி விளக்கவுரை வேண்டியதில்லை.

சுவைப்பதற்கு முன் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாக வேண்டும் என்ற எண்ணமே பெருந்தடை. நான்காம் அத்தியாயத்தில் தொடங்கிப் பார்க்கலாம். புளூம் காலை உணவு ஆயத்தம் செய்கிறார், பூனையோடு பேசுகிறார், பூனை ஒவ்வொரு முறை கத்தும்போதும் எழுத்துக்கூட்டல் மாறுகிறது, மாடியில் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கையில் அடுப்பில் சிறுநீரகக் கறி கருகுகிறது. இதில் சிரிக்கப் பட்டம் தேவையில்லை. ஜாய்ஸின் நூற்றாண்டான 1982இல் அயர்லாந்து வானொலி முழு நாவலையும் ஏறத்தாழ 30 மணி நேரம் ஒலிபரப்பியது. கண்ணுக்குப் புதராகத் தெரியும் வாக்கியங்கள் காதில் விழும்போது பேச்சாகவும் பாட்டாகவும் பிரிகின்றன.

கடின நூலைக் கூடிப் படிப்பது தமிழுக்குப் புதிதன்று. சேலம் இராமசாமி முதலியார் 1880இல் கேட்ட பிறகே உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். பெரும்புலவரிடம் பயின்ற அவருக்கே அது எளிதில் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர்கள் அந்நூலை வழிவழியாகப் படித்து வந்தனர். அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் பதிப்பு வந்தது. கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் 1995இல் கூடத் தொடங்கிய வாசகர் குழுவொன்று ஜாய்ஸின் ‘ஃபினிகன்ஸ் வேக்’ நாவலை 2023இல்தான் முடித்தது. 28 ஆண்டுகள் ஒரே புத்தகத்தோடு இருந்தவர்களைப் பிடித்து வைத்தது மதிப்பெண் அன்று.

இது நேரமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற மறுப்பில் நியாயம் உண்டு. உதவித்தொகைக்குக் காத்திருப்பவரிடம் 28 ஆண்டுக் கதை சொல்வது கொடுமை. நாவலிலும் சலிப்பூட்டும் பக்கங்கள் உண்டு. அவற்றைத் தாண்டிச் செல்வது குற்றமன்று. ஆனால் மூலத்தைத் தொடாமல் அதைப் பற்றிய கட்டுரைகளை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வு யாருடைய நேரத்தையும் மிச்சப்படுத்துவதில்லை. அது அடுத்த தலைமுறைக்கும் அதே அச்சத்தைக் கைமாற்றித் தருகிறது. இன்றைய மாணவர்தாமே நாளைய ஆசிரியர்.

துறைகள் செய்யக்கூடியது எளியது. ஒரு பருவத்துக்கு ஓர் அத்தியாயம் போதும். வகுப்பில் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மாணவர் அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைத் தேர்வில் தந்து, அதில் என்ன கேட்டது, எங்கே தடுக்கியது என்று எழுதச் சொல்ல வேண்டும். துறைகள் அசையும்வரை மாணவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை. துவாரகாவில் ஐந்து பேர் ஞாயிறு மாலை ஓர் அறையில் கூடி இரண்டு பக்கம் படிக்கலாம். ஒருவருக்குத் தெரியாத சொல் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும்; ஐவருக்கும் தெரியாததை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.