குப்பை சாலையாகிறது, கூலி எங்கே போகிறது?

சுழற்சிப் பொருளாதாரம் என்று ஒரு பெயர் டில்லியிலும் சென்னையிலும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு பொருளை ஒருமுறை பயன்படுத்தி வீசி எறியாமல், மீண்டும் மீண்டும் உழைக்க வைப்பதாம் அது. கூடவே 'டிஜிட்டல்' என்ற மந்திரத்தையும் ஓதுகிறார்கள். சாலை போடும் வேலைக்கும் இவ்விரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. வரட்டும், வரவேற்கிறோம். விஞ்ஞானத்தை வாசலில் நிறுத்தி விரட்டுகிறவர்கள் அல்ல நாம். ஆனால் எந்த விஞ்ஞானம் வந்தாலும், அதன் பலன் யார் பைக்குள் போகிறது, அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று கேட்காமல் நாம் விட்டதில்லை, இப்போதும் விடப்போவதில்லை.

பெயர்தான் புதிது. விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்குச் சங்கதி பழையது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் வெடித்தாளை எடுத்து விரித்துப் பாருங்கள். எங்கோ ஒரு பள்ளிப் பிள்ளை எழுதிய கணக்கு நோட்டு அதில் இருக்கும்; பழைய செய்தித்தாள் இருக்கும்; நாம் எழுதிய தலையங்கமே இருந்தாலும் ஆச்சரியமில்லை! சிவகாசி அச்சகங்களில் ஓரம் வெட்டி விழும் காகிதத் துண்டுகூட மூட்டையாகக் கட்டப்பட்டுக் காகித ஆலைக்குத் திரும்புகிறது. இதற்கெல்லாம் எவரும் மாநாடு கூட்டவில்லை. ஏழையின் வீட்டில் எதுவும் வீணாவதில்லை என்பதால் நடந்த காரியம் அது.

காகிதம் திரும்பியது, பிளாஸ்டிக் திரும்பவில்லை. கடைத்தெருவில் கொடுக்கும் பை, பண்டம் அடைத்து வரும் உறை, அட்டைக்கு மேல் ஒட்டும் மெல்லிய தாள், இவையெல்லாம் ஓடையிலும் கண்மாய்க் கரையிலும் ஒதுங்கின. ஆடு மாடு தின்று செத்தது. இந்தச் சனியனை என்ன செய்வது என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, நமக்குப் பக்கத்து ஊரான மதுரையிலிருந்துதான் ஒரு வழி பிறந்தது. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்ட வழி அது.

வழி மிக எளிமையானது. பிளாஸ்டிக்கைச் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடித்துண்டாக அரிய வேண்டும். ஜல்லியை ஏறத்தாழ 170 டிகிரி வரை சூடாக்கி, அதன்மேல் அத்துண்டுகளைத் தூவ வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பிளாஸ்டிக் இளகி ஜல்லியின் மேல் எண்ணெய் பூசியதுபோல் படர்ந்துவிடும். அதன் பிறகு தாரைச் சேர்த்தால், தார் ஜல்லியை விடாமல் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே இறங்க இடமில்லை. தண்ணீர் இறங்காத சாலையில் குழி விழுவது குறைகிறது. ஒரு வண்டி போகும் அகலத்தில், அதாவது 3.75 மீட்டர் அகலத்தில், 1 கிலோமீட்டர் போட ஏறத்தாழ 10 டன் தார் வேண்டும். இம்முறையில் 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் போதும். தார் எங்கிருந்து வருகிறது? கப்பலில் வரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பின் நிற்கும் அடிக்கசடு. ஆகவே, தெருக்குப்பையால் அன்னியச் செலாவணி மிச்சமாகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

2002-இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈரோட்டிலும் மதுரை வண்டியூரிலும் இப்படிச் சாலை போட்டார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை ஆராய்ந்து 2008-இல் அறிக்கை தந்தது. சில ஆண்டுகள் ஓடியும் அச்சாலைகள் நல்ல நிலையில் இருந்தன என்பது அதன் சாரம். இந்தியச் சாலைக் காங்கிரசு 2013-இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. 5 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களை ஒட்டிய சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் மத்திய சர்க்கார் ஆணையிட்டது. பேராசிரியருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தம் காப்புரிமையைச் சந்தையில் ஏலம் விடாமல் நாட்டுக்குக் கொடுத்தார் அவர். விருதைவிட நாம் மதிப்பது அதைத்தான்.

பிறகென்ன குறை என்று கேட்கலாம். குறை ஜல்லியில் இல்லை. குப்பையைப் பிரிக்கும் இடத்தில் இருக்கிறது. எல்லாப் பிளாஸ்டிக்கும் சாலைக்கு ஆகாது. பி.வி.சி. என்னும் வகை கலந்துவிட்டால், சூட்டில் மூச்சை அடைக்கும் அமில வாயு கிளம்பும். அதைச் சுவாசிக்கப் போகிறவர் யார்? குளிர்சாதன அறையில் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியா? அல்லவே! தார்க் கொப்பரைக்குப் பக்கத்தில் காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும் தொழிலாளிதான். அந்த வாயு கிளம்பாமல் காப்பது எந்த இயந்திரம்? நம் ஊராட்சிகளில் அப்படி இயந்திரம் கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடுவீடாகப் போகும் தூய்மைக் காவலரான ஒரு தாயின் கைதான் அதைப் பிரித்து எடுக்கிறது. பேராசிரியரின் கண்டுபிடிப்பு முழுவதும் அந்த விரல் நுனியில் நிற்கிறது!

அந்தக் கைக்குக் கொடுத்தது எவ்வளவு? 2022-இல் தூய்மைக் காவலர்களின் மாத ஊதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 5,000-ஐ 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 167 ரூபாய்கூடத் தேறவில்லை. அதே ஆண்டில் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலி 281 ரூபாய். மண் வெட்டுகிறவருக்கு உள்ள கூலிகூட, ஊர்க்குப்பையைக் கையால் அளைந்து, நச்சைப் பிரித்து, 1 டன் தாரை மிச்சப்படுத்தித் தருகிறவருக்கு இல்லை. அந்த 1 டன் தாரின் விலை எங்கே போயிற்று? மதிப்பீட்டில் தாருக்கு என்ன விலை போட்டார்கள், பிளாஸ்டிக்குக்கு என்ன விலை போட்டார்கள், மிச்சம் யாருடைய கணக்கில் விழுந்தது?

இன்னொரு பணமும் உண்டு. பொட்டலம் கட்டி விற்கும் கம்பெனியே அந்தப் பொட்டலத்தின் குப்பைக்கும் பொறுப்பு என்பது 2016-ஆம் ஆண்டு விதி. 2022-இல் விரிவான நெறிமுறையும் வந்தது. கம்பெனி தானே குப்பை பொறுக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி செய்தவரிடமிருந்து மின்னணு வழியில் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். நல்ல ஏற்பாடு போலத்தான் தோன்றியது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில ஆலைகளைச் சோதித்தபோது, 6 இலட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரிய வந்தது. குப்பை இருந்த இடத்திலேயே கிடந்தது. அதற்கான சான்றிதழ் மட்டும் கைமாறியிருந்தது. முதலாளித்துவத்தின் கையில் குப்பையும் பங்குச் சந்தைச் சரக்காகிவிடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் பேசினால் சாலையின் மேல்தோலைப் பற்றி மட்டும் பேசியதாகும். நம்முடையது கரிசல் பூமி. மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அடித்தளம் சரியில்லாவிட்டால் மேலே வெள்ளித் தகடு வேய்ந்தாலும் சாலை நெளியும். அடித்தளத்துக்குச் சுண்ணாம்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்த்துக் கரிசலைக் கட்டலாம் என்பது பொறியாளர்கள் அறிந்த செய்தி. சாம்பலுக்குத் தூரம் போக வேண்டாம். தூத்துக்குடியிலேயே குவிந்து கிடக்கிறது.

அதோடு பழைய சாலை இருக்கிறது. அதுவே ஒரு புதையல் அல்லவா? நம் தெருக்களில் என்ன செய்தார்கள்? பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் மறுபடியும் தார். தெரு உயர்ந்தது; ஏழையின் வாசற்படி பள்ளத்தில் இறங்கியது; ஒரு மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்திலேயே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆணையிட்டார். சரியான ஆணை. சுரண்டி எடுத்த பழைய தாரும் ஜல்லியும் குப்பையல்ல. சூடாக்கிப் புதுக் கலவையில் சேர்க்கலாம். அது ஊர்ச் சொத்து. எத்தனை லாரி சுரண்டினார்கள், அது எங்கே போயிற்று என்று எந்த ஊராட்சிப் பலகையிலாவது எழுதியிருக்கக் கண்டதுண்டா?

இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்காதீர்கள், தோழர்களே. ஒவ்வொரு லாரி புது ஜல்லியும் ஏதோ ஒரு குன்றை வெடிவைத்துப் பிளந்து வந்தது. 2024 மே முதல் தேதி, உலகத் தொழிலாளர் திருநாள் அன்று, நம் மாவட்டத்துக் காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர்கள் உடல் சிதறி மாண்டார்கள். பட்டாசு ஆலையில் சாவு நேர்ந்தால் நாடு திரும்பிப் பார்க்கிறது. குவாரிச் சாவு இரண்டு நாளில் மறந்து போகிறது. பழைய ஜல்லியை மறுபடி பயன்படுத்தினால் குவாரியில் வைக்கும் வெடி அந்த அளவுக்குக் குறையும். சிக்கனம் என்று பொருளாதார நிபுணர் இதைச் சொல்லலாம். குவாரித் தொழிலாளியின் மனைவிக்கு இது தாலிக் கணக்கு.

இனி அந்த டிஜிட்டல் மந்திரத்துக்கு வருவோம். கருவி நல்லதுதான். ஆனால் அதன் கண்ணை யார் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2023 சனவரி முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் நாளுக்கு இருமுறை படம் எடுத்துச் செல்போனில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் வந்தது. சிக்னல் கிடைக்கவில்லையா? படம் ஏறவில்லையா? அன்றைய கூலிக்கே ஆபத்து. இவ்வளவும் செய்து ஊழல் ஒழிந்ததா? படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களைப் போடுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சட்டத்தையே மாற்றி வேறு சட்டம் கொண்டு வந்தார்கள். புதுச் சட்டத்திலும் உழைப்பவரின் உடல் அடையாளத்தைக் கேட்பதை மட்டும் விடவில்லை.

சுங்கச் சாவடியைப் பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயம். சிவகாசிச் சரக்கை ஏற்றிய லாரி சாத்தூர்ப் பக்கம் எட்டூர்வட்டம் சாவடியைத் தாண்டுமுன் காசு கழிந்துவிடுகிறது. எந்த வண்டி எத்தனை மணிக்கு எத்தனை ரூபாய் தந்தது என்பது நொடிப் பிசகில்லாமல் பதிவாகிறது. அரசுப் பேருந்துகள் 276 கோடி ரூபாய் சுங்கப் பாக்கி வைத்திருப்பதாக வழக்கு நடந்தது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய 4 சாவடிகளில் ஜூலை 10 முதல் அந்தப் பேருந்துகளை விடக்கூடாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உடனேயே அந்த ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. வசூலுக்கு இத்தனை துல்லியமான கணக்கு! அதே துல்லியத்தோடு, எந்தச் சாலையில் எந்த நாளில் குழி விழுந்தது, எந்தக் கண்டிராக்டர் போட்ட சாலை எத்தனை மழை தாங்கியது என்ற கணக்கைப் பொதுமக்கள் முன் ஏன் வைக்கக்கூடாது?

முடியாததல்ல. மத்திய சர்க்காரின் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட சாலையை 5 ஆண்டு பராமரிப்பது கண்டிராக்டரின் கடமை. பொறியாளர் நேரில் நின்று, இடக் குறிப்போடு படம் எடுத்துப் பதிந்தால்தான் பராமரிப்புப் பணம் கிடைக்கும். நம் மாநில நெடுஞ்சாலைத் துறையும் 2023 நவம்பரில் 'நம்ம சாலை' என்ற செயலியைக் கொண்டு வந்தது. குழியைப் படம் பிடித்து அனுப்பினால் மாநில நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்திலும், மற்ற சாலைகளில் 72 மணி நேரத்திலும் மூடுவதாக வாக்குறுதி. நல்ல காரியத்தை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அது நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு மட்டும். பட்டாசு ஆலைக்கு விடியற்காலையில் வேன் போகும் ஊராட்சிச் சாலை அதற்குள் வராது. மருந்தேற்றிய வண்டி குழியில் குலுங்கினால் என்ன ஆகும் என்று சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. மே தினமும் அதில் ஒன்று. கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம். நம் ஊரில் இந்த ஆண்டு எத்தனை கிலோ பிளாஸ்டிக் சேர்ந்தது, எந்தச் சாலைக்குப் போயிற்று, இல்லை சிமெண்ட் ஆலைச் சூளையில் எரியப் போயிற்றா, கிலோவுக்கு என்ன விலை வந்தது, அதில் பொறுக்கிய தாய்மாருக்கு எத்தனை ரூபாய், கையுறை எத்தனை ஜோடி? சுரண்டிய பழைய தளம் எத்தனை லாரி, எங்கே கொட்டினார்கள்? சாலை போட்டவர் பெயர் என்ன, அவர் பொறுப்பு எந்தத் தேதி வரை? இத்தனையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். எழுதிய பக்கத்தை, அவர்கள் நம்மைப் படம் பிடிக்கும் அதே செல்போனால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.