பெயர் சூட்டுதல் விமர்சனம் ஆகாது

நமது சஞ்சிகைகளில் வெளிவரும் நூல் விமர்சனங்களைத் தவறாமல் வாசித்து வருபவன் நான். கவிதைத் தொகுதி எதுவாயினும் அவற்றில் சொல்லப்படுவது அநேகமாக ஒன்றுதான்: "படிமச் செறிவு மிக்கது", "குறியீட்டு உத்தி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது", "தொன்மங்கள் மீள்வாசிப்புக்கு உட்படுத்தப்பட்டுள்ளன". எந்த வரியில் எந்தப் படிமம் என்று தேடிப் போனால் ஒன்றும் அகப்படாது. நூலின் பெயரையும் கவிஞரின் பெயரையும் மாற்றிவிட்டு அதே விமர்சனத்தை அடுத்த தொகுதிக்கும் தாராளமாகப் பிரசுரிக்கலாம். இதை விமர்சனம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இது நற்சான்றிதழ்.

நான் பட்டதாரி அல்லன். ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்று, ஒரு கிராமப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன். ஆனால் இந்த நோயின் ஊற்று எங்கே இருக்கிறது என்பதை வகுப்பறையில் நின்று நாள்தோறும் பார்ப்பவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்லும் உரிமை எனக்குண்டு.

பாட்டை மாணவன் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கு முன்னரே 'அணி: உவமை' என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். 'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்பதுதான் பரீட்சைக்கான சூத்திரம். "நாளைக்கு மழை வரும் போல" என்று எழுதிக் கொடுத்தாலும் அதன் கீழே கோடிட்டு உவமையணி என்பான் நமது மாணவன். அவனில் பிழையில்லை. அந்த மாணவன் வளர்ந்து, நாலு கவிதை எழுதி, பின்னர் நண்பரின் தொகுதிக்கு விமர்சனம் எழுதும்போது 'படிமச் செறிவு' என்கிறான். அன்று கற்ற வித்தையைத்தான் இன்றும் செய்கிறான்.

கலைச்சொற்களை உண்டாக்கியவர்கள் இப்படி ஒரு பயன்பாட்டை எண்ணியிருக்க மாட்டார்கள். தொல்காப்பியத்தின் உவமையியல், வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடியாக உவமை தோன்றும் என்கிறது. அதாவது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது எதனால் ஒப்பிடுகிறாய்: செயலாலா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா? இது வாசகன் கேட்கவேண்டிய கேள்வி. நாமோ கேள்வியை எறிந்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஓர் உதாரணம். "கடல் தாயைப் போலச் சோறு போட்டது" என்றால் கடல் வேறு, தாய் வேறு. சோறு போடும் அளவில் இரண்டும் ஒக்கும்; அதற்கப்பால் ஒவ்வாமலும் போகலாம். "கடற்றாய்" என்றால் கதை வேறு. கடலே தாயாகிவிடுகிறாள். இனி அவள் செய்வதெல்லாம் தாய் செய்வதே. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஒருவன் கவிதை எழுத உட்கார்ந்தால், கடற்றாய் என்ற அந்தப் பழைய உருவகத்தை அவன் என்ன செய்வான்? தாய் பிள்ளையைக் கொல்வாளா? உருவகத்தை முறித்துக் கடலை அரக்கியாக்குவானா? அல்லது தாயாகவே வைத்து அந்தப் பயங்கரத்தைத் தாங்குவானா? உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு தெரிந்த வாசகனுக்கே இந்தக் கேள்வி எழும். அதற்காகத்தான் அந்தச் சொற்கள். இரண்டு புள்ளி பெறுவதற்காக அல்ல.

படிமம் என்பதற்கு ஒப்பீடே தேவையில்லை. அலை வாங்கிய ஈரமணலில் கிடக்கும் ஒரு சிறு பிள்ளையின் ஒற்றைச் செருப்பைக் கண்முன் நிறுத்தினால் அது படிமம். அந்தச் செருப்பு கவிதை முழுவதும் திரும்பத் திரும்ப வந்து, தன்னையும் தாண்டி ஒரு பொருளைச் சுமக்கத் தொடங்கினால் அது குறியீடு. உவமை வந்த இடமெல்லாம் படிமம் என்பதும், விளங்காத சொல்லெல்லாம் குறியீடு என்பதும் சோம்பேறித்தனம்.

குறியீடு என்ற சொல்லில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்த வெளியேற்றத்தைப் பாடும் ஒருவன் தன் வளவில் விட்டுவந்த கிணற்றை எழுதினால் விமர்சகர் உடனே, "கிணறு இங்கு இழந்த அடையாளத்தின் குறியீடு" என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறார். ஐயா, அது முதலில் கிணறு! அவனுடைய வாப்பாவோ பாட்டனோ வெட்டிய கிணறு. உறுதியில் எல்லை குறிக்கப்பட்ட காணியில் கிடக்கும் கிணறு. புத்தளத்து முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவனுக்கு அந்தக் கிணறு ஒரு கருத்தல்ல. அதை அவசரமாகக் குறியீடாக்கும்போது, நடந்த அநியாயம் ஓர் அழகியல் உத்தியாகச் சுருங்கிவிடுகிறது. கிணற்றைக் கிணறாகப் பார்த்த பின்பே அதற்கு மேலான பொருளைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வரும்.

"அப்படியானால் இந்தச் சொற்களே வேண்டாமே, பண்டிதர்களின் குப்பைதானே" என்று கூறும் இளைஞர்களும் நம்மிடையே உள்ளனர். இதையும் நான் ஏற்கவில்லை. சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உமறுப்புலவர் அரபு நாட்டில் வயலையும் ஆற்றையும் வைத்துப் பாடியதைப் பொய் என்று பரிகசிப்போர் இன்றும் இருக்கின்றனர். நாட்டுப்படலம், நகரப்படலம் என்பன காப்பிய மரபு. தலைவன் பிறந்த மண்ணைத் தமிழர் அறிந்த செழிப்பின் மொழியில் சிறப்பிப்பது அதன் முறை என்று தெரிந்தவன் பரிகசிக்க மாட்டான். 'காப்பிய மரபு' என்ற ஒரு கலைச்சொல்லை அறியாததால் பதினேழாம் நூற்றாண்டின் பெரும் புலவன் ஒருவனைப் புவியியல் பரீட்சையில் தோற்கடித்து மகிழ்கிறோம்.

இன்னொன்றையும் நமது வட்டத்தினர் சிந்திக்க வேண்டும். நமது பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அரபுக் கலாசாலைகளில் பலாகா படிக்கின்றனர். தஷ்பீஹ், இஸ்திஆரா, கினாயா எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தஷ்பீஹ்தான் உவமை, இஸ்திஆராதான் உருவகம் என்று அவர்களுக்கு எந்தத் தமிழாசிரியர் சொன்னார்? இஸ்திஆரா என்றால் இரவல் வாங்குதல். ஒரு பொருளின் பெயரை இன்னொரு பொருளுக்கு இரவல் வாங்குவது என்ற விளக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் அப்துல் காஹிர் அல் ஜுர்ஜானி, சிறப்பு தனிச் சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட முறையில் இருக்கிறது என்று வாதிட்டார். படிமங்களை எண்ணிக் கணக்குக் காட்டும் விமர்சகருக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

கலைச்சொற்கள் எல்லை தாண்டி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்டியின் காவ்யாதர்சம் தமிழில் தண்டியலங்காரமாகவும் சிங்களத்தில் சியபஸ்லகரவாகவும் ஆனது. தண்டியலங்காரம் பொருளணிகள் 35 என்று வகுத்ததைச் சொந்தச் சொத்தாக ஏற்ற நாம், அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்து தமிழில் குடியேறிய மசலாவையும் கிஸ்ஸாவையும் நாமாவையும் முனாஜாத்தையும் மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறோம்? 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் ஆயிரம் மசலா பாடினார். கேள்வியும் விடையுமாக நூலைக் கட்டும் அந்த வடிவத்துக்குப் பெயர் மசலா. பேராசிரியர் ம.மு. உவைஸ் இவற்றையெல்லாம் தேடித் தொகுத்து நம் கையில் தந்துவிட்டுப் போனார். அவர் தந்ததை விழா மேடைகளில் பட்டியலாக வாசிக்கிறோம். வகுப்பறையில் வடிவமாகக் கற்பிப்பதில்லை. உலாவும் தூதும் பரணியும் ஒப்புவிக்கும் முஸ்லிம் மாணவனுக்குப் படைப்போர் என்றால் என்னவென்று தெரியாது.

ஆகவே விமர்சகர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமல்ல. படிமம் என்று எழுதினால் அந்த வரியையும் எடுத்து வையுங்கள். அது என்ன செய்கிறது, அதை எடுத்துவிட்டால் கவிதை எதை இழக்கும் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். ஆசிரிய நண்பர்களிடம் கேட்பதும் இதுதான். "இங்கு வந்துள்ள அணி யாது?" என்பதோடு நில்லாமல், "அந்த அணி இங்கு ஏன் வந்தது?" என்று கேளுங்கள். வினாத்தாளில் அந்தக் கேள்வி வராவிட்டாலும் வகுப்பறையில் கேட்பதை யார் தடுக்கப் போகிறார்கள்?

இதற்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: கையில் ஒரு கவிதையோடு வாருங்கள்.