நடக்காத குத்துச்சண்டை



குத்துச்சண்டை ரசிகர்களிடையே பல்லாண்டுகளாக முடிவுறாத வழக்கொன்று உண்டு. ஹெவிவெயிட் சாம்பியனாக விளங்கிய ஜோ லூயிஸும், எடையில் அவரைவிட மிகக் குறைந்தவரான சுகர் ரே ராபின்சனும் ஒரே மேடையில் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? அப்படியொரு போட்டி நடக்கவேயில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இருவரும் அமெரிக்கப் படையில் இருந்தார்கள். ஒரே குழுவாகச் சென்று படைவீரர்முன் காட்சிப் போட்டிகள் நடத்தினார்கள். வழக்கை ரசிகர்களிடம் விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் வீண் பேச்சு என்று போதகன் சொல்லவேண்டும் என எதிர்பார்ப்பீர்கள். ஆகாயத்தை அடிப்பதைப்பற்றிப் பவுல் அப்போஸ்தலன் எழுதியதும் நினைவுக்கு வரும். (அவர் குறிப்பிட்டது குத்துச்சண்டையையே, நம் பழைய தமிழ் வேதாகமம் அதனைச் சிலம்பம் ஆக்கிவிட்டது.) ஆயினும் அந்த ரசிகர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எவரையும் ஒப்பிடுமுன் அவர்கள் எடையைக் கேட்கிறார்கள். இருவரும் ஒரே எடையினராய் இருந்திருந்தால் என்றே வாதத்தைத் தொடங்குகிறார்கள். பவுண்டுக்குப் பவுண்டு சிறந்தவர் என்று ராபின்சனைப் போற்றுவது இந்தக் கணக்கில்தான்.

1952 ஜூன் 25 அன்று அவர் மெய்யாகவே எடை தாண்டிப் போரிட்டார். அவருடைய மிடில்வெயிட் பிரிவின் வரம்பு 160 பவுண்டு. எதிரே நின்ற ஜோயி மாக்சிம், 175 பவுண்டு வரம்புள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன். நியூயார்க் நகரின் யாங்கி ஸ்டேடியத்தில் அன்றிரவு மேடையருகே வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைக் கடந்திருந்தது. பத்தாம் சுற்றின் முடிவில் நடுவரே தளர்ந்துபோக, வேறொருவர் அவரிடத்தில் நின்றார். புள்ளிக் கணக்கில் ராபின்சன் முன்னிலையில் இருந்தார். ஆனால் 13ஆம் சுற்று முடிந்து அமர்ந்தவரால் 14ஆம் சுற்றுக்கு எழக்கூடவில்லை. வெப்பம் இருவருக்கும் ஒன்றே. ஒவ்வொரு பிடியிலும் கனத்தவரின் பாரத்தைத் தாங்கியவரோ ராபின்சன். எனவேதான் அந்த ஒரு தோல்வியைக் காட்டி, மாக்சிமே பெரியவர் என்று எந்த ரசிகரும் வாதாடக் காணோம்.

இந்த நியாயத்தை நாம் சபையில் ஒருவருக்கொருவர் காட்டுகிறோமா? பிறரைச் சொல்வானேன், நான் காட்டவில்லை. கணவரை இழந்தபின் மூன்று மாதங்களாக ஆராதனைக்கு வராதிருந்த ஒரு சகோதரியின் வீட்டுக்குச் சென்றேன். மகனைப் பறிகொடுத்தும் மறுவாரமே பாடகர் குழுவில் நின்ற மற்றொரு தாயாரை எடுத்துக்காட்டி, "அவர்கள் எழுந்து நிற்கவில்லையா, அம்மா?" என்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தாயாரைச் சுற்றி உடன்பிறந்தார் இருந்தார்கள். இவர்களிடமோ கணவர் விட்டுச்சென்ற கடனும் படுக்கையிலிருந்த மாமியாரும் மட்டுமே. நான் எடையைக் கேட்கவில்லை.

திபேரியாக் கடற்கரையில் பேதுருவும் இப்படித்தான் திரும்பிப் பார்த்தான். தான் எத்தகைய மரணத்தை அடையப்போகிறான் என்பதைக் கேட்ட அடுத்த கணமே, பின்னால் வந்த யோவானின் நிலை என்னவென்று வினவினான். அவன்மேல் எனக்கு இரக்கமே உண்டாகிறது. கனத்த செய்தியைக் கேட்டவன் பக்கத்திலிருப்பவனை அளப்பது இயல்பு. ஆனால் ஆண்டவர் இருவரையும் ஒரு தராசில் வைக்க மறுத்துவிட்டார். யோவானுக்குரியதைப் பேதுருவுக்கு விளக்கவும் இல்லை. தம்மைப் பின்பற்றி வரும்படி மட்டும் சொன்னார்.

கடந்த வியாழனன்று மீண்டும் அச்சகோதரியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, ஐயா, உட்காருங்கள்" என்றார்கள். பிறகு தம் கணவரின் கடைசி இரவைப்பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.